டஸ்டி பேக்கர்: ஒரு பேஸ்பால் மேனேஜரின் 26 சீசன்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு பேஸ்பாலில் சட்டென்று பிடிபடாத ஆள் மேனேஜர்தான். தலை நரைத்த ஒருவர், ஆட்டக்காரர்கள் போடும் அதே சீருடையைப் போட்டுக்கொண்டு மைதானத்தின் ஓரத்தில் நின்றிருப்பார். இவர் யார், என்னதான் செய்கிறார், அணி தோற்றால் ஏன் முதலில் இவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று பேஸ்பால் பார்க்கத் தொடங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பொதுவாக விளக்குவதைவிட ஒரே ஒரு மனிதரின் கதையை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும். எனக்கு மிகவும் பிடித்த மேனேஜர் டஸ்டி பேக்கர். ஐந்து அணிகள், 26 சீசன்கள், 2,183 வெற்றிகள். மேனேஜராகச் சாம்பியன் பட்டம் ஒன்றே ஒன்று. அதுவும் 25ஆவது சீசனில்தான் வந்தது.

மேனேஜர் என்றால் கேப்டனா, கோச்சா?

இரண்டும் கலந்த ஆள். கிரிக்கெட்டில் யாரை எப்போது பந்து வீசச் சொல்வது, ஃபீல்டரை எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் மைதானத்துக்குள் நிற்கும் கேப்டனின் வேலை. பேஸ்பாலில் அந்த அதிகாரம் வெளியே நிற்கும் மேனேஜரிடம் இருக்கிறது. பேட்டிங் கோச், பிட்சிங் (பந்துவீச்சு) கோச் எல்லாரும் அவருக்குக் கீழே. அம்பயர் தப்பாகத் தீர்ப்புச் சொன்னால் உள்ளே ஓடிவந்து வாதாடுவதும் அவர்தான். வாதம் எல்லை மீறினால் மைதானத்தை விட்டு வெளியேற்றப்படுவதும் அவர்தான்.

சீருடை விஷயம் பழைய வழக்கம். அந்தக் காலத்தில் பல அணிகளில் ஆட்டக்காரர் ஒருவரே மேனேஜராகவும் இருந்தார். எல்லாரும் சீருடை போட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியை 1901 முதல் 1950 வரை நடத்திய கானி மேக் கோட்டும் டையுமாகத்தான் உட்கார்ந்திருப்பார். மொத்தம் 3,731 வெற்றிகள். அந்தக் கணக்கை இதுவரை யாரும் தொட்டதில்லை.

ஒரு ஆட்டத்தில் அவர் எடுக்கும் முடிவுகள் என்னென்ன?

ஆட்டத்துக்கு முன்னால் லைன்அப் எழுதுவார். அதாவது எந்த ஒன்பது பேர், எந்த வரிசையில் பேட் செய்வது என்ற பட்டியல். ஆட்டம் நடக்கும்போது மாற்று பேட்டரை அனுப்புவார், பேஸில் (ரன் எடுக்க ஓடும் வழியில் உள்ள நிறுத்தம்) நிற்கும் ஓட்டக்காரனை, பேட்டர் அடிக்கக் காத்திராமல் ஓடி அடுத்த பேஸைத் திருடச் சொல்வார், அம்பயர் தீர்ப்பை வீடியோவில் பார்க்கச் சொல்லிக் கேட்பார்.

ஆனால் அவர் தலைவிதியை எழுதும் முடிவு ஒன்றுதான்: பிட்சரை எப்போது மாற்றுவது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஏறக்குறைய நூறு பந்து வீசியதும் களைத்துவிடுவார். கை தளரும், பந்து நினைத்த இடத்துக்குப் போகாது. அதற்குள் அவரை எடுத்துவிட்டு, புல்பென்னில் (மாற்று பிட்சர்கள் தயாராகும் இடம்) கை சூடேற்றிக்கொண்டிருக்கும் இன்னொருவரைக் கொண்டுவர வேண்டும். இதில் ஒரு கொடுமையான விதி உண்டு. வெளியே எடுத்த ஆளை அந்த ஆட்டத்தில் மறுபடி உள்ளே கொண்டுவரவே முடியாது. கிரிக்கெட்டில் ஒரு பவுலரை நிறுத்திவைத்து நாலு ஓவர் கழித்து மறுபடி கூப்பிடுவதுபோல இங்கே நடக்காது. 2020 முதல், புதிதாக வரும் பிட்சர் குறைந்தது மூன்று பேட்டர்களுக்காவது வீச வேண்டும், அல்லது அந்த இன்னிங்ஸ் முடியும்வரை வீச வேண்டும் என்றும் விதி வந்துவிட்டது. பேஸ்பாலில் இன்னிங்ஸ் என்பது சின்னது: ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒன்றுக்கு மூன்று அவுட்.

ஆக, பிட்சரை மாற்ற மேனேஜர் டகவுட்டின் படியேறி வெள்ளைக்கோட்டைத் தாண்டி நடக்கிறாரே, அந்தச் சின்ன நடை திரும்பப் பெற முடியாத ஒன்று. பேக்கரின் வாழ்க்கையை அப்படிப்பட்ட இரண்டு நடைகளை வைத்தே சொல்லிவிடலாம். ஒன்று அவர் நடந்தது. இன்னொன்று இருபது வருடம் கழித்து எதிரணி மேனேஜர் நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆட்களை வாங்குவதும் விற்பதும் அவர் கையில் உண்டா?

இல்லை. அது ஜெனரல் மேனேஜர் என்ற தனிப் பதவி. ஒப்பந்தம், சம்பளம், ஆட்களை மாற்றிக்கொள்வது எல்லாம் அலுவலகத்தின் வேலை. மேனேஜருக்குக் கொடுத்த ஆட்களை வைத்துச் சமைக்க வேண்டும்.

சரி, இந்த டஸ்டி பேக்கர் யார்?

முழுப்பெயர் ஜானி பி. பேக்கர் ஜூனியர். 1949 ஜூன் 15 அன்று கலிபோர்னியாவின் ரிவர்சைடில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். 1967இல் புது ஆட்டக்காரர்களுக்கான தேர்வில் அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரை 26ஆவது சுற்றில் எடுத்தது. அவ்வளவு பின்னால் எடுக்கப்படுபவர்கள் மேல்மட்டமான மேஜர் லீகுக்கு வருவதே அபூர்வம். பேக்கர் 19 சீசன் ஆடினார். 1,981 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸை அடைவது), 242 ஹோம்ரன் (சிக்ஸர்போலச் சுவரைத் தாண்டும் அடி). 1981இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு, சாம்பியனை முடிவுசெய்யும் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸை வென்றார்.

ஆட்டக்காரராக அவரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்று: 1977 சீசனின் கடைசி நாள் அவர் தன்னுடைய 30ஆவது ஹோம்ரனை அடித்துவிட்டு ஓடிவந்தபோது, அடுத்து பேட் செய்யக் காத்திருந்த கிளென் பர்க் கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். பேக்கர் அந்தக் கையில் தட்டினார். உலகத்தின் முதல் ஹைஃபைவ் அதுதான் என்று பரவலாகச் சொல்கிறார்கள்.

ஹாங்க் ஆரனுக்கும் அவருக்கும் என்ன உறவு?

இதைப் புரிந்துகொள்ளாமல் மேனேஜர் பேக்கரைப் புரிந்துகொள்ள முடியாது.

பிரேவ்ஸ் அணியில் சேரும்போது அவருக்கு வயது 18. கலிபோர்னியாவில் வளர்ந்த கருப்பினப் பையனை, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்படுவதற்கு முந்தைய வருடம், தென்மாநிலங்களுக்கு அனுப்ப வேண்டும். தாய்க்குப் பயம். உன் மகனை என் மகனைப்போலப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஹாங்க் ஆரன் அந்தத் தாயிடம் வாக்குக் கொடுத்ததாக பேக்கர் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போதே ஆரன் பெரிய நட்சத்திரம். வாக்கைக் காப்பாற்றவும் செய்தார்.

பிறகு பேப் ரூத்தின் 714 ஹோம்ரன் சாதனையை ஆரன் நெருங்கியபோது, ஒரு கருப்பர் அதை முறியடிக்கக் கூடாது என்று மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. அதே அணியில், அவருக்குப் பக்கத்திலேயே இருந்து அந்த நாட்களைப் பார்த்தவர் பேக்கர். 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. நான்காவது இன்னிங்ஸ். ஆரன் பேட் செய்கிறார். அவருக்கு அடுத்து ஆட வேண்டிய பேக்கர் சில அடி தள்ளி, பேட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். அல் டவுனிங் வீசிய பந்து இடதுபக்கச் சுவரைத் தாண்டி, பிரேவ்ஸ் புல்பென்னுக்குள் விழுந்தது. 715. அரங்கமே எழுந்து நின்று கத்த, அதை மிக அருகிலிருந்து பார்த்த 24 வயது இளைஞர் அவர்.

ஒரு மூத்தவர் இளையவனை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அவர் ஆரனிடம்தான் பார்த்தார் என்று நான் நினைக்கிறேன். மேனேஜராகத் தன்னுடைய ஆட்களிடம் அவர் நடந்துகொண்ட விதத்தில் அது தெரியும்.

மேனேஜர் ஆவதற்கு என்ன வழி? பேக்கர் எப்படி வந்தார்?

வழக்கமான பாதை மைனர் லீகில் தொடங்கும். சின்ன ஊர்களில், நீண்ட பஸ் பயணங்களில் பல வருடம் கீழ்மட்ட அணிகளை நடத்திவிட்டுத்தான் மேலே வருவார்கள். கேட்சராக, அதாவது விக்கெட் கீப்பர்போல பேட்டருக்குப் பின்னால், ஆடியவர்கள் நிறையப் பேர் மேனேஜராவார்கள். முழு மைதானத்தையும் எதிரே பார்த்து உட்காருகிற ஒரே ஆள் கேட்சர் என்பதால் அவருக்கு ஆட்டம் முழுவதும் புரிந்துவிடும்.

பேக்கர் அந்த வழியில் வரவில்லை. ஓய்வு பெற்றதும் கொஞ்ச நாள் பங்குத் தரகராக இருந்தார். 1988இல் சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் அணி அவரை கோச்சாகச் சேர்த்துக்கொண்டது. ஐந்து வருடம் கோச். பிறகு நேரே மேனேஜர்.

அவர் பொறுப்பேற்ற நேரம் சாதாரணமானதல்ல. 1992இல் ஜயண்ட்ஸ் 162 ஆட்டங்களில் 90இல் தோற்றிருந்தது. அணியை புளோரிடாவுக்கு விற்றுவிடுவார்கள் என்ற பேச்சு ஏறக்குறைய முடிவாகியிருந்தது. கடைசி நேரத்தில் உள்ளூர் ஆட்கள் சேர்ந்து அணியை வாங்கினார்கள், பேரி பாண்ட்ஸைக் கொண்டுவந்தார்கள், பேக்கரை மேனேஜராக்கினார்கள். முதல் வருடமே 103 வெற்றி. அந்த வருடத்தின் சிறந்த மேனேஜர் விருது அவருக்கு. 1997, 2000 என்று அதே விருது இன்னும் இரண்டு முறை வந்தது.

103 ஜெயித்தும் பிளேஆஃப் போகவில்லையாமே?

ஆமாம். அப்போது ஜயண்ட்ஸும் பிரேவ்ஸும் ஒரே பிரிவில் இருந்தன. பிரிவில் முதலில் வரும் அணிக்கு மட்டும்தான் பிளேஆஃப். 1993இன் கடைசி நாள் விடியும்போது இரண்டு அணிகளும் 103 வெற்றியில் சமமாக நின்றன. பிரேவ்ஸ் ஜெயித்தது. ஜயண்ட்ஸ் டாட்ஜர்ஸிடம் 12–1 என்று தோற்றது. தன்னை வளர்த்த அணியும், தனக்குப் பட்டம் தந்த அணியும் சேர்ந்து அவருடைய முதல் சீசனை முடித்துவைத்தன. இரண்டாவதாக வரும் நல்ல அணிக்கும் இடம் கொடுக்கும் வைல்ட்கார்டு முறை 1995இல்தான் நடைமுறைக்கு வந்தது.

2002 வேர்ல்டு சீரிஸ் ஆறாவது ஆட்டத்தில் என்ன நடந்தது?

இதைப் பற்றி அதிகம் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜயண்ட்ஸ் எதிர் அனாஹைம் ஏஞ்சல்ஸ். ஏழு ஆட்டத் தொடரில் ஜயண்ட்ஸ் 3–2 என்று முன்னிலை. அக்டோபர் 26, அனாஹைம். ஏழாவது இன்னிங்ஸில் ஜயண்ட்ஸ் 5–0. இன்னும் எட்டு அவுட் எடுத்தால் பட்டம். தொடக்க பிட்சர் ரஸ் ஆர்ட்டிஸ் அதுவரை பிரமாதமாக வீசியிருந்தார். ஒரு அவுட் விழுந்த பிறகு அடுத்தடுத்து இரண்டு பேர் ஹிட் அடித்து பேஸில் போய் நின்றார்கள். 98 பந்து ஆகியிருந்தது. பேக்கர் படியேறி நடந்தார். பிட்சரை மாற்றினார்.

மாற்றியதோடு இன்னொன்றும் செய்தார். ஆர்ட்டிஸ் திரும்பி நடக்கும்போது ஆட்டப் பந்தை அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினார். ஜெயித்த ஆட்டத்தின் பந்தை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்வது பிட்சர்களின் வழக்கம். ஆட்டம் முடியுமுன்பே ஜெயித்துவிட்டதாக நினைத்துவிட்டார் என்று அன்றிலிருந்து இன்றுவரை பேசுகிறார்கள். நான் அந்தக் காட்சியைப் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். நன்றாக வேலை செய்த ஒருவனை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராத மனிதர்தான் எனக்கு அதில் தெரிகிறார்.

அடுத்து வந்த பிட்சர் ஃபெலிக்ஸ் ரோட்ரிகஸ். பேட் செய்தவர் ஸ்காட் ஸ்பீஸியோ. ஒவ்வொரு பந்தாகத் தட்டிவிட்டுத் தாக்குப்பிடித்து, எட்டாவது பந்தை வலதுபக்கச் சுவருக்கு மேலே அடித்தார். மூன்று ரன். 5–3. அடுத்த இன்னிங்ஸில் இன்னும் மூன்று. 6–5 என்று ஏஞ்சல்ஸ் ஜெயித்தது. மறுநாள் ஏழாவது ஆட்டமும் 4–1 என்று போய்விட்டது.

பிட்சரை மாற்றியது தப்பா? அந்த நேரத்தில் பெரும்பாலான மேனேஜர்கள் அதைத்தான் செய்திருப்பார்கள். மாற்று பிட்சர்கள் அந்த வருடம் முழுக்க நன்றாக வீசியிருந்தார்கள். முடிவு சரியாக இருந்தும் பலன் தப்பாக வரலாம். ஆனால் மேனேஜரை எல்லாரும் பலனை வைத்துத்தான் எடைபோடுகிறார்கள். அந்தத் தொடர் முடிந்த சில நாட்களிலேயே, பத்து வருடமும் 840 வெற்றியும் கொடுத்த ஜயண்ட்ஸை விட்டு அவர் வெளியேறினார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அந்தத் தொடரில் ஒரு சின்னப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே?

அது ஐந்தாவது ஆட்டம். பையன் பேக்கரின் மகன் டேரன், அப்போது மூன்றரை வயது. பேட்களைப் பொறுக்கிக்கொண்டு வரும் பேட் பாய் வேலைக்கு ஆட்டக்காரர்களின் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். கென்னி லாஃப்டன் பந்தை அடித்துவிட்டு ஓட, அவருடைய பேட்டை எடுக்க டேரன் நேரே பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு ஓடிவிட்டான். அந்த நேரம் பார்த்து மூன்றாவது பேஸிலிருந்து ஒருவர் பின் ஒருவராக ஓட்டக்காரர்கள் வருகிறார்கள். முதலில் வந்த ஜே.டி. ஸ்னோ பிளேட்டை மிதித்த கையோடு குழந்தையின் ஜாக்கெட்டைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். பின்னாலேயே டேவிட் பெல் வந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு பேட் பாய்க்குக் குறைந்தபட்ச வயது 14 என்று விதி போட்டார்கள்.

சிகாகோவில் பிட்சர்களின் கையை அவர்தான் கெடுத்தார் என்பது உண்மையா?

2003இல் சிகாகோ கப்ஸ் அவரை எடுத்தது. 1908க்குப் பிறகு அதுவரை பட்டமே வென்றிராத அணி. முதல் வருடமே பிரிவை வென்று, வேர்ல்டு சீரிஸுக்கு ஐந்து அவுட் தூரம்வரை கொண்டுபோனார். அக்டோபர் 14, ரிக்லி ஃபீல்டு, புளோரிடா மார்லின்ஸுக்கு எதிராக ஆறாவது ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், 3–0. சுவரோரம் விழ வந்த ஒரு பந்தை மொய்சஸ் ஆலூ பிடிக்கப் பாய, பார்வையாளர் ஒருவரின் கை அதில் பட்டுப் பந்து தவறியது. பாவம், அந்த ரசிகரை ஊரே பல வருடம் வறுத்தெடுத்தது. உண்மையில் அதற்குப் பிறகு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) அலெக்ஸ் கொன்சாலஸ் எளிதான ஒரு தரைப்பந்தைத் தவறவிட்டதுதான் பெரிய அடி. அந்த இன்னிங்ஸில் மட்டும் எட்டு ரன் போனது. மறுநாள் ஏழாவது ஆட்டமும் போனது.

அன்று வீசியவர் 23 வயது மார்க் ப்ரையர். 119 பந்து. அவரும் கெர்ரி வுட்டும் அந்த வருடம் முழுக்க நிறைய வீசினார்கள். அப்புறம் இருவருக்கும் காயம் மேல் காயம். ப்ரையர் மேல்மட்டத்தில் கடைசியாக வீசியது 2006இல், 25 வயதில். இளம் பிட்சர்களைப் பிழிந்துவிட்டார் என்ற பெயர் பேக்கருக்கு நிலைத்துவிட்டது.

என் கருத்தைக் கேட்டால், குற்றச்சாட்டில் பாதி நியாயம் இருக்கிறது. அவ்வளவு வீசவைத்திருக்க வேண்டாம். இன்றைக்கு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் மிச்சப் பாதியையும் சொல்ல வேண்டும். வுட்டுக்கு பேக்கர் வருமுன்பே, 1999இல், முழங்கை அறுவை சிகிச்சை நடந்துவிட்டது. ப்ரையர் 2003இல் ஓடும்போது மோதி விழுந்தார். 2005இல் பேட்டர் அடித்த பந்து நேராக வந்து அவர் முழங்கையில் பட்டது. நன்றாக வீசுகிறவனை நம்பி விட்டுவிடுவது பேக்கரின் சுபாவம். 2002இல் ஆர்ட்டிஸைச் சீக்கிரம் எடுத்துவிட்டார் என்றார்கள், 2003இல் ப்ரையரைத் தாமதமாக எடுத்தார் என்றார்கள். ஒரே வருட இடைவெளி.

2006இல் கப்ஸ் 96 ஆட்டம் தோற்றது. அவரும் வெளியேறினார்.

97 வெற்றி பெற்ற மேனேஜரை எப்படி அனுப்பினார்கள்?

பிளேஆஃபில் தோற்றதால். 2008 முதல் 2013 வரை சின்சினாட்டி ரெட்ஸ். மூன்று முறை பிளேஆஃப், ஒரு முறைகூட முதல் கட்டத்தைத் தாண்டவில்லை. 2010இல் முதல் ஆட்டத்திலேயே ராய் ஹாலடே ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் அவர்களை முடித்தார். 2012இல் ஐந்து ஆட்டத் தொடரில் 2–0 என்று முன்னிலை பெற்று, மூன்றையும் சொந்த ஊரில் தோற்றார்கள். அந்த செப்டம்பரில்தான் பேக்கருக்கு லேசான பக்கவாதம் வந்து மீண்டிருந்தார். அதற்கு ஏறக்குறைய பதினோரு வருடம் முன்னால் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்.

பிறகு வாஷிங்டன் நேஷனல்ஸ். 2016இல் 95 வெற்றி, 2017இல் 97 வெற்றி. இரண்டு வருடமும் முதல் கட்டத்தின் ஐந்தாவது ஆட்டத்தில், சொந்த மைதானத்தில், ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில் தோல்வி: 4–3, 9–8. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடிக் காட்டிய திறமையை ஐந்து ஆட்டத்தின் கணக்கு அடித்துச் சாப்பிட்டுவிட்டது. மேனேஜர் தொழிலில் எனக்கு ஆறாத கோபம் இதில்தான். அவருக்கு அப்போது 68 வயது. இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்றே எல்லாரும் நினைத்தார்கள், நானும்தான்.

ஆட்டக்காரர்களுக்கு அவரை ஏன் அவ்வளவு பிடிக்கும்?

பிப்ரவரியில் பயிற்சி தொடங்கினால் அக்டோபர்வரை கிட்டத்தட்ட தினமும் ஒரே அறையில் முகத்தில் முகம். வெவ்வேறு நாட்டுப் பையன்கள், சிலருக்கு ஆங்கிலம் தெரியாது, சிலருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், சிலர் நாளைக்கு மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற பயத்தில். இவர்களை ஒரு கூரைக்குக் கீழே வைத்திருப்பதுதான் மேனேஜரின் அன்றாட வேலை. டிவியில் தெரியும் தந்திரமெல்லாம் அதற்கு மேலே போடும் தாளிப்பு.

பேக்கர் இதில் கெட்டிக்காரர். ஸ்பானிஷ் பேசுவார். அதனால் டொமினிகன் குடியரசிலிருந்தும் வெனிசுவேலாவிலிருந்தும் வந்த பையன்களிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வீட்டு நலம் விசாரிக்க முடிந்தது. வாயில் பல்குத்தும் குச்சி, மணிக்கட்டில் பட்டை. அவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

எல்லா நேரமும் கொஞ்சிக்கொண்டிருக்கவும் முடியாது. 2002 ஜூனில் சான் டியாகோவில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே அணியின் இரண்டு பெரிய நட்சத்திரங்கள், பாண்ட்ஸும் ஜெஃப் கென்ட்டும், டகவுட்டில் ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள். கேமராவில் எல்லாம் பதிவானது. நடுவில் புகுந்து விலக்கியவர்களில் பேக்கரும் ஒருவர். அந்த இருவரையும் வைத்துக்கொண்டுதான் அதே வருடம் அக்டோபரில் வேர்ல்டு சீரிஸுக்குப் போனார்.

கருப்பின மேனேஜர்கள் குறைவுதானா?

மிகக் குறைவு. ஜாக்கி ராபின்சன் மேல்மட்ட பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்தது 1947இல். முதல் கருப்பின மேனேஜர் ஃபிராங்க் ராபின்சன் வந்தது 1975இல், கிளீவ்லாந்தில். ஆட விடுவதற்கும் பொறுப்பைக் கொடுப்பதற்கும் நடுவே 28 வருடம். வேர்ல்டு சீரிஸ் வென்ற கருப்பின மேனேஜர்களில் பேக்கர் மூன்றாமவர். முன்னால் சீட்டோ கேஸ்டன், டேவ் ராபர்ட்ஸ். 2,000 வெற்றியைத் தொட்ட முதல் கருப்பின மேனேஜர் பேக்கர்தான். அது 2022 மே 3 அன்று நடந்தது. அதுவரை எல்லா இனத்திலும் சேர்த்துப் பதினோரு பேர் மட்டுமே அந்த எண்ணைத் தொட்டிருந்தார்கள்.

ஹூஸ்டன் ஏன் அவரைக் கூப்பிட்டது?

அங்கே ஒரு பெரிய ஏமாற்று வெளியே வந்திருந்தது. அடுத்து என்ன பந்து என்று கேட்சர் விரலால் காட்டும் சைகையை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2017இல் கேமரா வைத்துத் திருடி, குப்பைத்தொட்டியில் தட்டிச் சத்தம் கொடுத்துத் தங்கள் பேட்டருக்குத் தெரிவித்திருக்கிறார்கள். அந்த வருடம் பட்டமும் வென்றார்கள். 2020 ஜனவரியில் விசாரணை முடிந்து 50 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. மேனேஜரும் ஜெனரல் மேனேஜரும் ஒரு வருடம் தடைசெய்யப்பட்டு, அன்றே வேலையிழந்தார்கள்.

பயிற்சி தொடங்க இரண்டு வாரம்தான் இருந்தது. நாடே வெறுக்கும் அணி. யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு பெரியவர் தேவைப்பட்டார். 70 வயது பேக்கர் வந்தார். தான் செய்யாத தப்புக்குப் போகிற ஊரெல்லாம் கிடைத்த கூச்சலை அந்தப் பையன்களோடு சேர்ந்து நின்று வாங்கிக்கொண்டார். 2021இல் வேர்ல்டு சீரிஸ்வரை போய், யாரிடம் தோற்றார் தெரியுமா? தன்னை 18 வயதில் எடுத்த அதே அட்லாண்டா பிரேவ்ஸிடம். ஹாங்க் ஆரன் காலமான வருடம் அது. ஐந்து வெவ்வேறு அணிகளைப் பிரிவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்த முதல் மேனேஜர் என்ற பெருமையும் அதே வருடம் வந்தது.

கடைசியில் எப்படி வென்றார்?

2022, ஆஸ்ட்ரோஸ் 106 வெற்றி. வேர்ல்டு சீரிஸில் பிலடெல்பியா பிலீஸ். ஆஸ்ட்ரோஸ் 3–2 முன்னிலை. நவம்பர் 5, ஹூஸ்டனில் ஆறாவது ஆட்டம்.

ஆறாவது இன்னிங்ஸில் பிலீஸ் 1–0. அவர்களுடைய பிட்சர் சாக் வீலர் 70 பந்துதான் வீசியிருந்தார், அபாரமாக. ஒரு அவுட், பேஸில் இரண்டு பேர். இந்த முறை படியேறி நடந்தவர் எதிரணி மேனேஜர் ராப் தாம்ஸன். வீலரை எடுத்துவிட்டு ஹோசே ஆல்வராடோவைக் கொண்டுவந்தார். பேட் செய்ய நின்றவர் யோர்டான் ஆல்வரஸ். பந்து நடு மைதானத்துக்கு மேலே ஏறி, 450 அடி தூரத்தில் போய் விழுந்தது. மூன்று ரன்.

இருபது வருடம் முன்னால் அனாஹைமில் நடந்ததை ஒருமுறை எடுத்து வைத்துப் பாருங்கள். அதுவும் ஆறாவது ஆட்டம். அன்றும் ஒரு அவுட், பேஸில் இரண்டு பேர், நன்றாக வீசிக்கொண்டிருந்த பிட்சரை மாற்றுகிறார்கள், புதியவர் மூன்று ரன் ஹோம்ரன் கொடுக்கிறார். அன்று நடந்தவர் பேக்கர், இன்று எதிரே நின்று பார்த்தவர் பேக்கர். அந்த நிமிடம் தாம்ஸன் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அந்த மைதானத்தில் பேக்கரைப்போல் தெரிந்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது ஹோம்ரனைப் பார்த்து அல்ல, இதை நினைத்து.

4–1. வலதுபக்கம் உயர்ந்த கடைசிப் பந்தை கைல் டக்கர் பிடித்ததும் கோச்சுகள் பேக்கரைச் சூழ்ந்து கட்டிக்கொண்டு குதித்தார்கள். 73 வயது. வேர்ல்டு சீரிஸ் வென்ற மேனேஜர்களில் அவரைவிட வயதானவர் யாரும் இல்லை.

அதன் பிறகு?

2023இல் இன்னொரு சீசன். 90 வெற்றி. டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தில் தோற்று, அந்த அக்டோபரிலேயே ஓய்வு அறிவித்தார். 2,183 என்பது அன்றைய நிலவரப்படி வரலாற்றில் ஏழாவது இடம். 2024 தொடக்கத்தில் ஜயண்ட்ஸ் அவரை ஆலோசகராகத் திரும்ப அழைத்துக்கொண்டது.

அந்த மூன்றரை வயதுப் பையன் என்ன ஆனான்?

டேரன் பேக்கர் வளர்ந்து, பெர்க்லியில் படித்து, அங்கேயே பேஸ்பால் ஆடினார். 2021இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்பாவை 97 வெற்றிக்குப் பிறகு அனுப்பிவைத்த அதே அணி. 2024 செப்டம்பர் 1 அன்று, அப்பா நடத்திய இன்னொரு அணியான சிகாகோ கப்ஸுக்கு எதிராக, மாற்று பேட்டராக முதல் தடவை மேல்மட்ட மைதானத்தில் இறங்கினார். அப்பாவின் பெயர் முதுகில். முதல் வாய்ப்பிலேயே ஹிட் அடித்து முதல் பேஸில் போய் நின்றார்.